மழை இறங்கும் தரை

ஃபில்டர் காபி போடும் வீடுகளில் எப்போதாவது ஒரு காலை இப்படி விடியும். பொடியைப் போட்டு, லேசாக அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடியாயிற்று. கால் மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால் மேல் அடுக்கில் தண்ணீர் ஊற்றியபடியே நிற்கிறது. கீழே நாலு சொட்டு. டிகாஷன் இறங்கவில்லை. பொடி நைசாகிப் போயிருக்கும். இல்லாவிட்டால் ஃபில்டரின் கண்களில் பழைய மண்டி காய்ந்து ஒட்டியிருக்கும். ஃபில்டரைக் கழுவி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, எத்தனை கண் அடைந்திருக்கிறது என்று பார்ப்போம். அடைந்த கண்களை அடுப்புத் தணலில் காட்டிச் சுட்டுத் திறப்பது பாட்டிகளின் வழி.

இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போவதும் ஒரு ஃபில்டரைத்தான். அளவு பெரியது: ஒரு நடைபாதை, ஒரு வாகன நிறுத்துமிடம், சில ஊர்களில் ஒரு தெரு முழுவதும். மேலே விழும் மழையைத் தரையே வடித்துக் கீழே இறக்குகிறது. இதை நீர்புகு தளம் என்று அழைப்போம். இதைப் போடுவதற்குப் பணமும் இயந்திரமும் போதும். போட்ட பிறகு இதன் கண்கள் அடையாமல் காப்பதற்குப் பொறுமை வேண்டும், கணக்கு வேண்டும், பொறுப்பேற்க ஓர் ஆள் வேண்டும். அந்தக் காப்புதான் இங்கே பேசுபொருள்.

கடலை உருண்டைக் கான்கிரீட்

சாதாரண கான்கிரீட்டில் ஜல்லிகளுக்கு நடுவே உள்ள சந்துகளை மணல் நிரப்புகிறது. மணலுக்கு நடுவே உள்ள சந்துகளைச் சிமெண்ட் குழம்பு நிரப்புகிறது. உள்ளே போக வழி இல்லாத தண்ணீர் மேலேயே ஓடுகிறது. மணலை விலக்கிவிட்டு, ஏறக்குறைய ஒரே அளவுள்ள ஜல்லியை மட்டும் சிமெண்ட் குழம்பில் புரட்டிக் கொட்டினால் என்ன ஆகும்? வெல்லப்பாகில் பிடித்த கடலை உருண்டை மாதிரி, ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லைத் தொடும் இடத்தில் மட்டும் ஒட்டிக்கொள்ளும். மற்ற இடமெல்லாம் சந்து. இதுதான் நீர்புகு கான்கிரீட். இதன் கன அளவில் பொதுவாக 15 முதல் 25 சதவீதம் வரை வெறும் காற்று.

தாரிலும் இதைச் செய்யலாம். கலவையிலிருந்து பொடிக்கல்லை விலக்கிவிட்டால் துளைத்தார் கிடைக்கும். மூன்றாவது வகை பேவர் பிளாக். கற்கள் நீரை விடாது; அவற்றுக்கு நடுவே வேண்டுமென்றே இடைவெளி விட்டு, அதில் மணலுக்குப் பதிலாகப் பொடி நீக்கிய சிறு ஜல்லியை நிரப்புகிறார்கள். தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்கும். நம் ஊர்த் தெருவோரங்களில் நெருக்கமாகப் பதித்து, இடுக்கில் மணலோ கிரஷர் பொடியோ இட்டு நிரப்பிய பேவர் பிளாக்கைப் பார்த்து இதுவும் அதுவும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. பார்வைக்குத்தான் ஒற்றுமை.

மூன்று வகைக்கும் அடியில் ஒரே அளவு உடைகல்லால் ஆன ஆழமான அடுக்கு இருக்கும். அந்தக் கற்களுக்கு இடையே சுமார் 40 சதவீதம் வெற்றிடம். 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள அடுக்கு 12 சென்டிமீட்டர் மழையைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து மண் மெல்ல மெல்லக் குடிக்கும். களிமண்ணாக இருந்தால், துளையிட்ட குழாய் ஒன்று மிச்ச நீரை நிதானமாக வெளியே எடுத்துச்செல்லும்.

புதிதாகப் போட்ட நீர்புகு கான்கிரீட் ஒரு சதுர மீட்டரில் நிமிடத்துக்கு 120 முதல் 320 லிட்டர் வரை இறக்கவல்லது. மணிக்கு 10 சென்டிமீட்டர் பெய்தால் நாம் பேய்மழை என்போம். அந்தப் பேய்மழை ஒரு சதுர மீட்டரில் ஒரு மணி நேரம் முழுக்கக் கொட்டுவதே 100 லிட்டர்தான். ஒரு மணி நேர மழையை ஒரு நிமிடத்துக்குள் விழுங்கும் வாய் இந்தத் தரைக்கு இருக்கிறது.

இந்தத் தாராளத்தில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. தளம் தன் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கை இழந்த பிறகும், வழக்கமான மழையை எந்தச் சிரமமும் இல்லாமல் இறக்கிவிடும். தேங்கல் இல்லை, புகார் இல்லை. பார்க்கிறவர்கள் தளம் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஒரு பங்கும் அடைபடும் நாளில்தான் குட்டை தெரியும். அதற்குள் நோய் முற்றியிருக்கும்.

நம்பிக்கையும் ஏமாற்றமும்

அமெரிக்காவின் பழைய நகரங்கள் பலவற்றில் வீட்டுக் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழை பெய்தால் குழாய் கொள்ளாமல் கழிவு ஆற்றில் கலக்கும். மழையை விழுந்த இடத்திலேயே இறக்கிவிட்டால் குழாய்க்குப் பாரம் குறையுமே என்ற எண்ணத்தில், 1970களின் தொடக்கத்தில் பிலடெல்பியாவின் பிராங்க்ளின் நிறுவனத்தில் எட்மண்ட் தீலனும் உடன் பணியாற்றியவர்களும் துளைத்தாரை ஆராய்ந்தார்கள். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வால்டன் குளக்கரையில் ஒரு வாகன நிறுத்துமிடம் துளைத்தாரில் போடப்பட்டது. 1984இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் மோரிஸ் தாவரத் தோட்டத்தில் போட்ட நிறுத்துமிடம் 20 ஆண்டுகள் கடந்த பிறகும் மழையை இறக்கிக்கொண்டிருந்தது.

அதே காலத்தில் வேறு இடங்களில் போட்ட தளங்கள் பல, சில ஆண்டுகளிலேயே அடைந்துபோயின. இந்த முறையே சரிப்படாது என்று பொறியாளர்கள் பலர் கைவிட்டார்கள். அடைந்த தளங்களின் கதைகளைப் பார்த்தால் குற்றவாளி பெரும்பாலும் ஒன்றுதான்: நைசான மண். பக்கத்தில் கட்டட வேலை நடந்து புழுதி படிந்திருக்கும். மேட்டிலிருந்த வெறும் மண் மழையில் கரைந்து தளத்தின்மேல் வழிந்திருக்கும். அல்லது வருடக்கணக்கில் யாரும் சுத்தம் செய்திருக்க மாட்டார்கள்.

ஒரு கண் அடைவது எப்படி

கற்களுக்கு இடையே உள்ள வழி நேரான குழாய் கிடையாது. அகன்றும் குறுகியும் வளைந்தும் போகும் சந்து அது. குறுகும் இடத்தை அதன் தொண்டை என்று சொல்லலாம். முதலில் ஒரு மணற்பருக்கை அங்கே சிக்குகிறது. தண்ணீர் அதைச் சுற்றிக்கொண்டு இறங்கும். அடுத்த மழையில் அதைவிடச் சிறிய பருக்கை அந்த மணலுக்குப் பின்னால் தங்குகிறது. பிறகு டயர் தேய்ந்த தூள், பிரேக் தூள், உலர்ந்து நொறுங்கிய இலை, எண்ணெய்ப் பசை. கடைசியில் களிமண் வந்து எல்லாவற்றையும் சாந்து பூசினாற்போல் இணைத்துவிடுகிறது.

தொண்டை கொஞ்சம் குறுகினாலே ஓட்டம் மிக அதிகமாகக் குறைகிறது. நுண்குழாய்களில் திரவம் ஓடுவதை 1840களில் அளந்து எழுதிய பிரெஞ்சு மருத்துவர் புவாசோய் கண்ட விதி இங்கே உதவுகிறது. குழாயின் விட்டம் பாதியானால் ஓட்டம் பாதியாவதில்லை. 16இல் ஒரு பங்காகிறது. நம் உடம்பின் இரத்தக் குழாய்க்குப் பொருந்தும் அதே கணக்கு, தளத்தின் தொண்டைக்கும் ஏறக்குறையப் பொருந்தும்.

ஆனால் இந்த நோயில் ஒரு நல்ல குணம் இருக்கிறது. அழுக்கு வெகு ஆழம் போவதில்லை. முதலில் சிக்கிய பருக்கைகளே சல்லடையாகி அடுத்து வருவதை மேலேயே நிறுத்திவிடுகின்றன. ஆகவே அடைப்பின் பெரும்பகுதி மேலே உள்ள இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் குவிகிறது. குடிநீர்ப் பொறியாளர்களுக்கு இது பழகிய சங்கதி. 1829இல் லண்டனின் செல்சீ நீர்நிலையத்துக்காக ஜேம்ஸ் சிம்ப்சன் கட்டிய மெதுமணல் வடிகட்டியிலும், 1914இல் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இயங்கத் தொடங்கிய மெதுமணல் வடிகட்டிகளிலும் வேலை செய்தது இதே இயல்புதான். இத்தகைய வடிகட்டியில் நீர் இறங்குவது மந்தமானால் மணல் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. மேலே படிந்த மெல்லிய படலத்தைச் சுரண்டி எடுத்தால் போதும். மறுபடியும் தண்ணீர் இறங்கும்.

நீர்புகு தளத்தில் இது எவ்வளவு உண்மை என்பதை வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எபன் பீன், வில்லியம் ஹன்ட், டேவிட் பிடெல்ஸ்பாக் ஆகியோர் 40 தளங்களில் நேரில் அளந்து 2007இல் எழுதினார்கள். கட்டம் போட்ட கான்கிரீட் கற்களைப் பதித்து நடுவே மணல் நிரப்பிய தளங்களில், மேலே உள்ள 13 முதல் 19 மில்லிமீட்டர் வரை சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். நீர் இறங்கும் வேகம் மணிக்கு 4.9 சென்டிமீட்டரிலிருந்து 8.6 ஆக உயர்ந்தது. ஒரு விரல் கனம்கூட இல்லாத அழுக்குக்கு அத்தனை பலம். ஜல்லி நிரப்பிய பேவர் பிளாக் தளங்களில் கிடைத்த கணக்கு இன்னும் உறைக்கும். அருகில் வெறும் மண் இல்லாத இடங்களில் மணிக்கு சுமார் 2000 சென்டிமீட்டர்; வெறும் மண் இருந்த இடங்களில் சுமார் 80.

இந்த 80ஐ மேலே சொன்ன பேய்மழையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மணிக்கு 10 சென்டிமீட்டர் மழையை இந்தத் தளமும் சிந்தாமல் சிதறாமல் இறக்கும். 100க்கு 96 பங்கு போய்விட்டது. மழையில் நனைந்தபடி நின்று பார்த்தாலும் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரியாது.

வளையமும் கடிகாரமும்

கண்ணுக்குத் தெரியாததால்தான் அளக்க வேண்டியிருக்கிறது. அமெரிக்கத் தர அமைப்பான ஏ.எஸ்.டி.எம். நீர்புகு கான்கிரீட்டுக்கு வகுத்த சோதனை, சமையலறைச் சாமான்களோடு செய்யக்கூடிய அளவு எளிமையானது. 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள, அடியும் மூடியும் இல்லாத ஒரு வளையம். அதைத் தளத்தின்மேல் வைத்து, விளிம்பில் நீர் கசியாதபடி புட்டி வைத்து ஒட்ட வேண்டும். முதலில் 3.6 லிட்டர் தண்ணீரை ஊற்றித் தளத்தை நனைக்க வேண்டும். வளையத்துக்குள் நீர் மட்டம் ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டரைத் தாண்டாதபடி சீராக ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீர் 30 வினாடிக்குள் மறைந்துவிட்டால் அடுத்த சுற்றுக்கு 18 லிட்டர். மறையாவிட்டால் மறுபடியும் 3.6 லிட்டர். ஊற்றிய நீர் தளத்தைத் தொட்ட கணத்திலிருந்து, மேலே நீர் இல்லாமல் போகும் கணம் வரை கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

கணக்கைக் கையிலேயே போட்டுவிடலாம். அந்த வட்டத்தில் 18 லிட்டர் என்பது சுமார் 25 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர். அது ஆறு நிமிடத்தில் இறங்கினால் மணிக்கு 250 சென்டிமீட்டர் வேகம். புதிதாகப் போட்ட பேவர் பிளாக் தளத்திடம் வழக்கமாக எதிர்பார்க்கும் குறைந்தபட்சம் அதுதான். 3.6 லிட்டர் என்பது ஐந்து சென்டிமீட்டர். அது இறங்க 12 நிமிடம் ஆனால் மணிக்கு 25 சென்டிமீட்டர். வேகம் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டால் உடனே சுத்தம் செய்யுங்கள் என்பது பேவர் பிளாக் தொழில் துறையினர் தரும் அறிவுரை. 25 சென்டிமீட்டர் என்பதும் பேய்மழைக்கு மேல்தான். அபாயக் கோட்டை அவ்வளவு உயரத்தில் வைத்ததில் அறிவு இருக்கிறது: குட்டை தேங்கும்வரை காத்திருந்தால் அழுக்கு இறுகிவிடும்.

ஓர் இடத்தில் மட்டும் அளந்தால் தளம் முழுவதையும் அறிய முடியாது. வண்டிகள் நுழைந்து திரும்பும் மூலை, மரத்தடி, மேட்டு நிலத்தை ஒட்டிய விளிம்பு, இவைதான் முதலில் அடைபடும். குறைந்தது மூன்று இடத்திலாவது அளந்து, தேதி போட்டு எழுதிவைத்தால் அடுத்த ஆண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பெருக்குவதா, உறிஞ்சுவதா

சுத்தம் என்றதும் நம் கை துடைப்பத்தைத் தேடும். மேலே கிடக்கும் காய்ந்த சருகையும் காகிதத்தையும் அள்ளத் துடைப்பம் போதும். சந்துக்குள் போன மண்ணை அது ஒன்றும் செய்யாது. சுழலும் தூரிகை பூட்டிய பெருக்கும் வண்டி சருகைப் பொடியாக்கி, அந்தப் பொடியைச் சந்துக்குள் திணித்துவிடவும் கூடும். இங்கே தேவைப்படுவது உறிஞ்சும் வேலை.

உறிஞ்சும் வண்டிகளில் இரண்டு வகை. ஒன்று காற்றைத் தரையில் வேகமாக ஊதி, கிளம்பும் தூசியை அதே மூச்சில் இழுத்துக்கொள்ளும். வழக்கமான பராமரிப்புக்கு இது ஏற்றது. ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஓட்ட வேண்டும், மரங்கள் சூழ்ந்த இடமென்றால் இலையுதிர்ந்த பிறகு கட்டாயம் ஒரு முறை. இன்னொன்று முழு வலிமையோடு நேரே உறிஞ்சும் வண்டி. அடைந்துவிட்ட தளத்தை மீட்க இது வேண்டும். பேவர் பிளாக் தளத்தில் இதை ஓட்டினால் இடுக்கில் இருக்கும் ஜல்லியும் அழுக்கோடு சேர்ந்து வந்துவிடும். வரட்டும். அழுக்கு அந்த ஜல்லியில்தானே தங்கியிருந்தது? பிறகு கழுவிய, பொடியில்லாத புதுச் சிறு ஜல்லியை நிரப்பினால் போதும். மறதியில் மணலைக் கொட்டிவிட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

உறிஞ்சுவதற்குத் தரை காய்ந்திருக்க வேண்டும். ஈரமண் கல்லைக் கவ்விக்கொள்ளும். இறுகிப்போன இடத்தில் தண்ணீரைப் பீய்ச்சி இளக்கலாம்; ஆனால் குழாயைச் செங்குத்தாகப் பிடித்து முழு வேகத்தில் அடித்தால் மேலே எளிதில் எடுத்திருக்கக்கூடிய மண்ணை எட்டாத ஆழத்துக்கு நாமே அனுப்பிவிடுவோம். சாய்வாகப் பிடித்து, இளகிய சேற்றை அப்போதே உறிஞ்சி எடுக்க வேண்டும். சிறிய முற்றத்துக்குப் பெரிய வண்டி தேவையில்லை. ஈரத்தையும் இழுக்கும் பட்டறை வேக்குவம் கிளீனர் போதும்.

பேவர் பிளாக்குக்கு இன்னொரு வசதி உண்டு. எதற்கும் மசியாத இடத்தில் கற்களைப் பெயர்த்தெடுத்து, அடியில் உள்ள ஜல்லியை மாற்றி, அதே கற்களை மறுபடி பதிக்கலாம். கான்கிரீட்டுக்கும் தாருக்கும் அந்த வசதி இல்லை. முற்றிலும் அடைந்தால் மேல் அடுக்கைச் செதுக்கியெடுக்க வேண்டும், அல்லது புதிதாகப் போட வேண்டும்.

சில சாலைகள் தம்மைத் தாமே கழுவிக்கொள்ளவும் செய்கின்றன. நெதர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் பெரும்பகுதி துளைத்தார் மேற்பரப்பு கொண்டது. அங்கே நீர் மண்ணுக்குள் இறங்குவதில்லை. மேல் அடுக்குக்குள் இறங்கி ஓரமாக வடிகிறது. டயர் இரைச்சலும் மழைநாளில் முன்வண்டி வாரியடிக்கும் நீர்த்திவலையும் குறைய வேண்டும் என்பதே நோக்கம். வேகமாக உருளும் டயர் முன்னே நீரை அழுத்தி, பின்னே இழுத்து, துளைகளைக் கழுவிவிடுகிறது. வண்டிகள் ஓடாத அவசரத் தடத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. ஓடும் தடத்தைவிட அது சீக்கிரம் அடைபடுவதால் இயந்திரம் கொண்டு கழுவுகிறார்கள். நடைபாதையும் நிறுத்துமிடமும் அந்த அவசரத் தடத்தின் இனம்தான். அங்கே டயர் நமக்காக வேலை செய்யாது.

மண்ணை வாசலிலேயே நிறுத்துவது

எடுப்பதைவிடச் சேராமல் தடுப்பது எளிது. கட்டட வளாகத்தில் நீர்புகு தளத்தைக் கடைசி வேலையாகப் போட வேண்டும். முதலில் போட்டால் சேறு சுமந்த லாரிகள் அதன்மேல் ஓடும். தளத்தைவிட உயர்ந்த நிலத்தில் வெறும் மண் இருக்கக் கூடாது. புல்லோ செடியோ வேர்பிடித்திருக்க வேண்டும். தளத்தின்மேல் எம்-சாண்ட் குவிக்கவோ சிமெண்ட் கலக்கவோ தோட்டத்து மண்ணைக் கொட்டவோ விடக் கூடாது. அமெரிக்காவில் தார்த் தளங்களுக்குக் கறுப்புப் பூச்சு பூசுவது வழக்கமான பராமரிப்பு. தெரியாமல் துளைத்தாரின்மேல் அதைப் பூசிவிட்டால் அன்றோடு அந்தத் தளத்தின் ஆயுள் முடிந்தது. இது என்ன தரை, இங்கே எதைச் செய்யக் கூடாது என்று ஒரு பலகையில் எழுதி வைப்பது சின்னச் செலவு, பெரிய காப்பு.

பனி பெய்யும் ஊர்களில் வழுக்காமலிருக்க மணல் தூவுவார்கள். இங்கே அது கூடாது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தினர் டர்ஹாமில் 2004இல் போட்ட துளைத்தார் நிறுத்துமிடத்தில் அளந்து பார்த்ததில், உருகிய பனி உடனே கீழே இறங்கிவிடுவதால் மேலே மறுபடி உறைவது குறைகிறது, தூவ வேண்டிய உப்பும் வெகுவாகக் குறைகிறது என்று தெரிந்தது. துளைகளைத் திறந்தே வைத்திருந்தால் மணலுக்குத் தேவையே எழாது.

இடுக்கில் முளைக்கும் புல் ஒரு தந்தி போல. வேர் பிடித்து ஈரம் உறிஞ்சும் அளவுக்கு அங்கே மண் சேர்ந்துவிட்டது என்று அது அறிவிக்கிறது. சிறிதாக இருக்கும்போதே பிடுங்கிவிட்டு, அந்த இடத்தை உறிஞ்சி எடுக்க வேண்டும். எடுத்த அழுக்கை வாய்க்காலில் கொட்டக் கூடாது. டயரிலிருந்து வந்த துத்தநாகம், பிரேக்கிலிருந்து வந்த செம்பு, எஞ்சின் எண்ணெய் எல்லாம் அதில் ஒட்டியிருக்கின்றன. தரை அவற்றைப் பிடித்துவைத்ததால்தான் அவை ஆற்றுக்குப் போகவில்லை. பிடித்ததை முறையாக அப்புறப்படுத்தும்போதுதான் அந்த வேலை முழுமை பெறுகிறது.

ஆறு பேர், 360 நாள்

தளம் அடைபட்டது என்றால் அது தன் வேலையைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். நாம் நம் வேலையைச் செய்யவில்லை என்றும் அர்த்தம். திறப்பு விழாவன்று நாடா வெட்டுவதற்கு ஆள் கிடைத்துவிடும். ஆறு மாதம் கழித்து உறிஞ்சும் வண்டியை வரவழைக்க வேண்டியது யார், அதற்கான பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது, வளையத்தை வைத்து அளந்து எழுதுவது யார் என்ற கேள்விகளுக்கு, தளம் போடுவதற்கு முன்பே பதில் இருக்க வேண்டும்.

தமிழருக்கு இது புதுப் பாடம் இல்லை. மழையைப் பிடிக்கும் எதிலும் வண்டல் சேரும் என்று அறிந்து ஏரிகளைத் தூர்வாரி வாழ்ந்தவர்கள் நாம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச் சபையின் குழுக்களில் ஒன்றாக ஏரி வாரியத்தைச் சொல்கிறது. அதற்கு ஆறு உறுப்பினர்கள், பதவிக்காலம் 360 நாட்கள். 1,100 ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஊர், ஏரியைக் காக்கும் பொறுப்புக்கு ஆட்களையும் கெடுவையும் குறித்து, அழியாதபடி கல்லில் வெட்டி வைத்தது.

ஜல்லிகளுக்கு நடுவே உள்ள ஒவ்வொரு சந்தும் ஒரு மிகச் சிறிய ஏரி. அதிலும் வண்டல் சேரும், அதையும் தூர்வார வேண்டும். நீர்புகு தளம் ஒன்றைப் போட நினைக்கும் ஊராட்சியோ, கல்லூரியோ, அடுக்குமாடிக் குடியிருப்போ முதலில் எழுத வேண்டியது அதன் ஏரி வாரியத்தார் யார் யார் என்பதைத்தான். ஜல்லியின் அளவை அதற்குப் பிறகு தீர்மானித்துக்கொள்ளலாம்.